ஒரு ரோல் பங்குனி

காற்று வந்தால் எனக்குச் சம்பளம்.
காற்று நின்றால் எனக்குப் படம்.
பூளவாடிக்கு மேற்கே
காற்றாலை கண்ட்ரோல் ரூமுக்கும் கம்பிவேலிக்கும் நடுவே
பத்தடிக்கு இருபதடித் தோட்டம்.

அம்மியைத் தூக்குகிற காற்றுக்கு
இன்னும் நாலு மாசம் கிடக்கிறது.
இது பங்குனிக் காற்று.
கைமாற்றுக் கேட்க வந்தவன்
வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா
என்று நிற்பது மாதிரி வரும்.
ஆலை இறக்கை அசைய
வினாடிக்கு மூன்று மீட்டர் வேண்டும்.
காசித்தும்பை அசைய
நான் மூச்சு விட்டால் போதும்.

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய கேமரா.
ஒளிமானி செத்துவிட்டது.
என் நிழலின் ஓரம் கத்தியாட்டம் இருந்தால் பதினாறு,
கொஞ்சம் மழுங்கினால் பதினொன்று,
நிழலே காணோமென்றால்
ஒரு குத்துமதிப்பு.

கறுப்பு வெள்ளை பிலிம், எழுநூற்று இருபது ரூபாய்.
பூ ஒன்றுக்கு இருபது.
"அந்தக் காசுக்கு உடுமலைல
ஒரு மொழம் மல்லியே வாங்கிப்போடலாமுங்"
என்றாள் தண்ணீர் பாய்ச்சுகிற சரசாத்தாள்.
"செவப்பு விழுகாதுங்களா இதுல?"
விழுகாது என்றேன்.
"அப்பறம் என்னத்துக்கு அம்மிணி
அந்தச் செம்பருத்தியப் போட்டு
இந்தப் பாடு படுத்தறீங்க?"
ஏதாவது சொல்லியிருப்பேன்.
அதற்குள் காற்று நின்றது.
ஒன்பது.

பத்திலும் பதினொன்றிலும் பூ கலங்கிவிட்டது,
அதன்மேல் ஏறிய எறும்பு மட்டும்
எப்படியோ தெளிவு.
பதினேழு, என் இடது செருப்பு.
இருபதிலிருந்து முப்பதுவரை ஜினியா.
ஏன் அத்தனை என்று இப்போது தெரியவில்லை,
அன்றைக்கு வெயில் நன்றாக இருந்திருக்கும்.

முப்பத்தாறை நந்தியாவட்டைக்கு வைத்திருந்தேன்.
ஒரேயொரு பூ, முழுசாக விரிந்தது,
வேலிக்கம்பியின் பழுப்புக்கு முன்னால்.

வெள்ளிக்கிழமை, நாலரை மணி.
நாற்பத்திரண்டு ஆலையும் நின்றன.
இலை அசையவில்லை.
முழங்காலில் ஈரமண் ஏற
கண்ணை ஒட்டவைத்தபோது
உள்ளே போன் அடித்தது.

"என்னம்மா, உற்பத்தி சைபர் காட்டுது?"
காற்று இல்லை சார்.
"ஏன் இல்லை?"
அதற்கும் ஒரு படிவம் உண்டு.
நிரப்பி அனுப்பிவிட்டு வந்தேன்.

காம்பு இருந்தது.

"பேனலுக்கு மேல இருக்கற பிள்ளையாருக்குங்க,"
என்றாள் சரசாத்தாள்.
"அது ஒண்ணுதான் நல்லாப் பூத்திருந்துது.
காத்து வரோணும்னு வேண்டிட்டு வெச்சேன்.
உங்களுக்குத்தான் திட்டு விழுகுதல்லோ."

எனக்குக் கோபம் வந்ததா?
வந்திருக்கும்.
கிள்ளிய நுனியில் ஒரு சொட்டுப் பால்
திரண்டு, விழாமல் நின்றது.
அறுபதில் ஒரு வினாடி.
ஷட்டர் மூடியதற்குப் பிறகுதான்
ஏழாம் நம்பர் ஆலை
முதுகைத் திருப்பிக்கொண்டு
மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

பிலிமைக் குளியலறையில் கழுவினேன்.
எங்கள் போர்த்தண்ணி வாய் கொப்பளிக்கக்கூட ஆகாத உப்பு.
கடைசி அலசலுக்குத்
திருமூர்த்தி அணைத் தண்ணீர் ஒரு குடம்
மூடி வைத்திருந்தேன்.
விருந்தாடி வந்த கொழுந்தனார் பையன்
கால் கழுவிவிட்டான்.

துணிக்கொடியில் பிலிம் காய்ந்தது.
வெள்ளை இலைகள், சாம்பல் வானம்,
கரித்துண்டாய் ஒவ்வொரு வாடாமல்லியும்.
அதற்கு மேலெல்லாம்
பொடிப்பொடியாய் உப்புத் தழும்பு.

உடுமலையில் கடைசிப் படத்தை மட்டும்
பிரிண்ட் போட்டு வாங்கினேன்.
காம்பு. நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி.
அதை ஒட்டி இன்னொன்று.
ஒன்று பால், ஒன்று உப்பு.
எந்தப் பக்கம் எது என்று
எடுத்த எனக்கே பிடிபடவில்லை.

சரசாத்தாளிடம் நீட்டினேன்.
எட்டப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள்.
சேலைத் தலைப்பில் விரலை நனைத்து
இரண்டையும் தேய்த்துப் பார்த்தாள்.
இரண்டும் போகவில்லை.